நோவுக்குத் தெரிந்த பெயர்

1

எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வருஷம் ஆகிறது. அதற்காகக் கீழ்த்தளத்தில் கேக் வெட்டினார்கள். கம்ப்யூட்டருக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிற தேசத்தில் நான் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன் என்று போளூர் பஸ் ஸ்டாண்டில் யாரிடமாவது சொன்னால் நம்புவார்களா? மற்றவர்கள் ஒரு துண்டு எடுத்தார்கள். நான் கூச்சமே இல்லாமல் இரண்டு எடுத்தேன். எனக்கு அதில் உரிமை உண்டு. அந்தக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு நோயாளியிடமும் கேட்கிற கேள்விகளில் ஒன்று ஜவ்வாது மலையில் பிறந்தது. அதை இங்கே கொண்டுவந்து சேர்த்தவள் நான்தான்.

போன வாரம் அந்தக் கேள்வி சுற்றிச் சுற்றி என் வீட்டுக்கே வந்துவிட்டது. அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். இங்கே இருப்பவர்களிடம் சொன்னால் பாதிதான் புரியும். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் ரேணுகா. போளூருக்குப் பக்கத்தில், மலையடிவாரத்துக் கிராமம். வேலூரில் நர்சுக்குப் படித்துவிட்டு, மலைமேல் காவலூருக்குப் போகிற வழியில் இருந்த ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் சில வருஷம் வேலை செய்தேன். பிறகு சேகரைக் கட்டிக்கொண்டு, எழுபதுகளின் நடுவில் அமெரிக்காவில் வடக்கே ஒரு ஏரிக்கரை ஊருக்கு வந்து சேர்ந்தேன். சேகருக்கு மோட்டார் பாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை. எனக்கு ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி.

வந்த புதிதில் நடந்த கூத்தைக் கேளுங்கள். வேலை முடிந்து கிளம்பும்போது ஒரு கிழவியிடம் வழக்கப்படி "போய்ட்டு வர்றேன்" என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் போனால் அந்தம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வருகிறேன் என்றேனாம். அவள் சாப்பிடாமல்கூடக் காத்திருந்தாளாம். போகும்போது வருகிறேன் என்று சொல்கிற ஜனம் நாங்கள் என்று அவளுக்கு விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அப்புறம் அவள் வீட்டுக்குப் போகிற அன்று கட்டிலைவிட்டு இறங்கி, "போய்விட்டு வருகிறேன் ரேணுகா" என்றாள். அட, ஆஸ்பத்திரியில் அப்படிச் சொல்லக்கூடாதம்மா என்று அவள் வாயைப் பொத்தினேன்.

2

கம்ப்யூட்டர் ஏன் வந்தது என்றால் சட்டம் மாறியது. முன்பெல்லாம் வயதான நோயாளி எத்தனை நாள் படுத்திருந்தாரோ அதற்கேற்ப அரசாங்கம் ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கும். புதுச் சட்டத்தில் நாள் கணக்கு கிடையாது. நோய்க்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு தொகை. சீக்கிரம் குணமானாலும் அதுதான், இழுத்தடித்தாலும் அதுதான். யார் வந்தார், என்ன நோய், என்ன செய்தோம் என்பதெல்லாம் எண்ணாக ஏறியிருந்தால்தான் பணம். எங்கள் ஆஸ்பத்திரியே ஆடிப்போய்விட்டது. பெரிய சர்ஜன் ஒருவர், "நான் டைப் அடிக்கிறவன் இல்லை" என்று தாழ்வாரம் அதிரக் கத்தினார். கத்திக்கொண்டே ஒற்றை விரலால் தட்டவும் கற்றுக்கொண்டார்.

எனக்கோ ஒரே குஷி. அந்தப் பச்சை எழுத்துத் திரையைப் பார்த்ததும் திருவிழாவில் ராட்டினத்தைப் பார்த்த மாதிரி ஓடிப்போய் உட்கார்ந்தேன். மூன்றாவது மாடி சார்பாகக் கம்ப்யூட்டர் குழுவுக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்றார்கள். யாரும் கை தூக்கவில்லை. நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

ஆனால் பெயர் என்கிற விஷயத்தில் இந்த நாட்டு அலுவலகங்களோடு எனக்குப் பழைய பஞ்சாயத்து உண்டு. வந்த அன்று கொடுத்த தாளில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதினேன், கோவிந்தசாமி என்று. அன்றிலிருந்து நான் மிஸஸ் கோவிந்தசாமி. ஆகவே என் கணவர் மிஸ்டர் கோவிந்தசாமி. டெலிபோனில் யாராவது அப்படி அழைத்தால் சேகர் நெளிவார். "மாமனார் பேர்ல வாழ்றவன்னு ஊர்ல சொல்வாங்க. இங்க நெஜமாவே ஆக்கிட்டியே" என்பார். மகள் பிறந்தபோது முறைப்படி அவள் அப்பா பெயரைச் சேர்த்து தேன்மொழி சேகர் என்று பதிந்தோம். சேகருக்கு அவர் அப்பா பெயர். ஒரு வீட்டில் மூன்று குடும்பப் பெயர். தபால்காரர் ரொம்ப நாள் எங்களை மூன்று குடித்தனம் என்றே நினைத்திருந்தார்.

தேன்மொழிக்கு இப்போது பதின்மூன்று வயது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பெண் டெலிபோன் செய்து, டினா இருக்கிறாளா என்று கேட்டாள். தப்பான நம்பர் என்று வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தது. மறுபடியும் வைத்தேன். மூன்றாவது தடவை என் மகள் ஓடிவந்து ரிசீவரைப் பிடுங்கி, "டினாதான் பேசுகிறேன்" என்றாள். பள்ளிக்கூடத்தில் அவளாகவே பெயரை மாற்றிக்கொண்டிருந்தாள், எனக்குத் தெரியாமல்.

அன்று நான் ஆடிய ஆட்டம் அக்கம்பக்கத்துக்குக் கேட்டிருக்கும். "இன்னாடி பேரு அது, டினா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே உங்கப்பா யோசிச்சி வெச்ச பேருடி தேன்மொழி." அவள் இங்கிலீஷில், வெறும் பெயர்தானே அம்மா என்றாள். அதற்கப்புறம் தமிழில் பேசுவதையே நிறுத்திவிட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். நானும் விடாப்பிடியாக டினா என்ற பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

3

இப்போது மலைக்கு வாருங்கள்.

எங்கள் மலை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒருவர், நர்ஸ் நான் ஒருத்தி. டாக்டர் செங்கத்துக்காரர். நல்ல மனுஷர், ஆனால் கோபம் வந்தால் மூக்கு சிவந்துவிடும். நான் சேர்ந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது: ஓர் ஆளுக்கு ஓர் அட்டை, ஓர் அட்டைக்கு ஓர் எண், அட்டைப்படிதான் மருந்து ஒதுக்கீடு. காவலூரில் வானத்தைப் பார்க்கப் பெரிய தூரதர்சினி வைத்திருக்கிறார்களே, அங்கே வேலை செய்கிறவர்கள் காய்ச்சல், தலைவலி என்று எங்களிடம்தான் வருவார்கள். அவர்களைப் பார்த்தால் டாக்டர், "நீங்க கொடுத்து வெச்சவங்க சார். நட்சத்திரத்துக்கு நம்பர் போட்டா அது மாத்திக்காது. எங்க ஆளுங்க வாரத்துக்கு ஒரு பேர் சொல்றாங்க" என்பார். விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனால் உண்மை.

மலையில் பிள்ளைக்கு அடிக்கடி நோவு வந்தால் ஒரு முறை செய்வார்கள். எங்கள் அடிவாரத்திலும் உண்டு. முறத்தில் சாமைத் தவிட்டைப் பரப்பி, பிள்ளையை அதில் கிடத்தி, பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிடுவார்கள். அவள் தூக்கிப்போய்த் தன் வாசலில் வைத்துக்கொள்வாள். பிறகு பெற்றவள் ஒரு முறம் தவிடு கொண்டுபோய்க் கொடுத்து அதே பிள்ளையை விலைக்கு வாங்கி வருவாள். அன்றிலிருந்து பிள்ளைக்குப் பெயர் தவுடன், பெண்ணானால் தவுட்டம்மா. பழைய பெயரை அதற்கப்புறம் வீட்டில் யாரும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் நோவு அடையாளம் கண்டுகொள்ளும்.

ஒரு மழைநாளில் பச்சையம்மா என்று ஒருத்தி பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறி வந்தாள். மூன்று வயது இருக்கும். நெஞ்சுச் சளி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"பேரு இன்னா?"

"தவுடனுங்க."

"முன்னாடி இங்க வந்துகீறியா?"

"நான் வந்துகீறேன். தவுடன் இப்பதான் வர்றான்."

அவள் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவளைப் பொறுத்தவரை இது வேறு பிள்ளை, தவிடு கொடுத்து வாங்கிய புதுப் பிள்ளை. நான் உத்தரவுப்படி புது அட்டை போட்டேன். டாக்டர் பென்சிலின் எழுதினார். முன்னெச்சரிக்கையாகத் தோலடியில் ஒரு சொட்டுதான் குத்திப் பார்த்தேன். அதற்கே பிள்ளையின் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, கண் மேலே சொருகிவிட்டது. டாக்டர் ஓடிவந்து மாற்று ஊசி போட்டு, மடியில் கிடத்தி, அவன் மூச்சு சீராகும் வரை கையை எடுக்கவே இல்லை.

பிள்ளை கண் விழித்த பிறகு பச்சையம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "முன்னயும் இந்த ஊசிக்கு இப்டித்தாங்க ஆச்சி" என்றாள்.

டாக்டரின் மூக்கு சிவந்தது. "முன்னயுமா? எங்க?"

"இங்கதாங்க, கைக்கொழந்தயா இருந்தப்போ."

"அட்டை எங்கம்மா? ஏன் சொல்லல? புள்ள போயிருப்பானே! அப்போ அவனுக்கு இன்னா பேரு?"

டாக்டர் கெஞ்சினார், மிரட்டினார். அவள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பழைய அட்டை கிடைக்காவிட்டால் வேறெந்த மருந்து அவனுக்கு ஆகும், எது ஆகாது என்று எதுவும் தெரியாது. சளியோ அப்படியே இருந்தது. பெயரைச் சொன்னால் பிள்ளை செத்துவிடும் என்று அவள் நினைக்கிறாள். சொல்லாவிட்டால் செத்துவிடுவானே என்று எங்களுக்குப் பதறுகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் கையைப் பிடித்து வெளியே புளியமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ந்தா பாரு பச்சையம்மா, உன் புள்ள பேர நீ சொல்ல வேணாம். அந்த நோவு இருக்குதே, அதுக்குத் தெரிஞ்ச பேரு இன்னா? அதச் சொல்லு."

ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏதோ வாயில் வந்தது. அவள் திரும்பி, பிள்ளைக்குக் கேட்காத தூரம்தானா என்று பார்த்தாள். பிறகு என் காதருகே வந்து, "வெள்ளையன்னு கூப்புட்டுச்சிங்க" என்றாள்.

நான் உள்ளே ஓடினேன். வெள்ளையன் அட்டை இருந்தது. பென்சிலின் ஆகாது என்று சிவப்பு மையில் இருந்தது. அவனுக்கு ஒத்துக்கொண்ட வேறு மருந்தும் அதிலேயே இருந்தது. அதைக் கொடுத்தோம். நாலாம் நாள் அவன் எங்கள் மருந்து அலமாரியைத் திறந்து பஞ்சை இழுத்துப் போட்டு டாக்டரிடம் அடி வாங்கினான். அந்த அடியைப் பார்த்துப் பச்சையம்மா சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் பத்து வருஷம் அங்கே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

அதற்கப்புறம் எல்லாத் தாய்மார்களையும் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போய் அந்தக் கேள்வியைக் கேட்பது என் வேலையாகிவிட்டது. ஒருத்திகூடச் சொல்ல மறுத்ததில்லை. அட்டையின் மேலே புதுப் பெயர் கறுப்பில், நோவுக்குத் தெரிந்த பெயர் சிவப்பில் என்று எழுதினோம்.

4

திரும்பவும் ஏரிக்கரை ஊர். கம்ப்யூட்டர் திரையில் என்னென்ன கேள்வி இருக்க வேண்டும் என்று கடைசிக் கூட்டம். கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து டாம் என்று ஓர் இளைஞர் வந்திருந்தார். எங்கள் ஆவணப் பிரிவுத் தலைவி பார்பரா மேசைத் தலைமாட்டில். பார்பராவைக் கண்டால் சர்ஜன்களே ஓரமாக நடப்பார்கள். வரும் திங்கட்கிழமை திரையைப் பூட்டிவிடுவார்கள், அதற்கப்புறம் ஒரு வரிகூடச் சேர்க்க முடியாது என்றார் டாம்.

நான் எழுந்து, இன்னொரு பெயர் உண்டா என்று ஒரு கேள்வி வேண்டும் என்றேன். அதற்குப் பதில் சொல்லாமல் திரை அடுத்த கேள்விக்குப் போகக் கூடாது என்றும் சொன்னேன்.

டாம் பொறுமையாகச் சிரித்தார். "இடம் இல்லை ரேணுகா. அதோடு இந்த ஊரில் ஓர் ஆளுக்கு ஒரு பெயர்தான்."

எனக்குச் சுருக்கென்றது. தவுடன் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். தவிடு என்பதற்கு இங்கிலீஷ் வார்த்தை சமயத்துக்கு வரவில்லை. முறத்தைக் கையால் காற்றில் புடைத்துக் காட்டினேன். பிள்ளையின் உதடு வீங்கிய இடத்துக்கு வந்ததும் என் உதட்டையே பிடித்துக் காட்டினேன். சொல்லி முடித்தபோது எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போயிற்று, பைத்தியக்காரி என்று நினைத்துவிட்டார்கள் என்று உட்கார்ந்தேன்.

பார்பரா தொண்டையைச் செருமினாள். "டாம், நான் மூன்று தடவை கல்யாணம் செய்துகொண்டவள். இந்த ஆஸ்பத்திரியில் எனக்கு மூன்று இடத்தில் ஃபைல் இருக்கிறது. பித்தப்பை ஒரு புருஷன் பெயரில், பிரசவம் இன்னொரு புருஷன் பெயரில். அந்த வரியைச் சேர்."

மேசையே சிரித்தது. ஆளுக்கு ஆள் ஆரம்பித்துவிட்டார்கள்: என் அம்மாவுக்குச் செல்லப்பெயர், என் தாத்தா கப்பலில் வந்து இறங்கியபோது மாற்றிக்கொண்ட பெயர். டாம் தலையைச் சொறிந்துகொண்டு எதையோ சுருக்கி இடம் பண்ணினார். வீட்டுக்கு வந்து நான் அந்தக் கதையை எத்தனை தடவை சொன்னேனோ, தெரியாது. தேன்மொழி கண்ணை மேலே உருட்டிவிட்டு மாடிக்குப் போய்விடுவாள்.

5

போன வாரம் மூன்றாவது மாடியில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழே விபத்துப் பிரிவிலிருந்து டெலிபோன்: "உன் மகள் இங்கே இருக்கிறாள். பயப்படாதே." பயப்படாதே என்று சொன்னால் யார் பயப்படாமல் இருக்கிறார்கள்? லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கி ஓடினேன்.

தேன்மொழி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே ஆழமான வெட்டு, தையல் போட்டிருந்தார்கள். வகுப்பு நேரத்தில் ஒரு தோழியோடு பள்ளிக்கூடத்து வேலியேறிக் குதித்திருக்கிறாள். துருப்பிடித்த கம்பி கிழித்துவிட்டது. திட்டுவேன் என்று பயந்து, அம்மா இங்கேதான் வேலை செய்கிறாள் என்பதையே சொல்லவில்லை. கூட்டிவந்த டீச்சர் எங்கள் வீட்டுக்கு டெலிபோன் செய்துபார்த்தாராம், எடுக்க யாரும் இல்லை.

நடந்ததைப் பதிவு மேசைப் பெண் சொன்னாள். புதிதாகச் சேர்ந்தவள், என்னை அவளுக்குத் தெரியாது. பெயர் டினா சேகர் என்றதும் தட்டினாளாம். அப்படி யாரும் இல்லை, புது நோயாளி என்றது கம்ப்யூட்டர். உள்ளே டாக்டர் பென்சிலின் ஊசிக்குச் சொல்லிவிட்டார். திரையோ அடுத்த கேள்வியில் நின்றது: உனக்கு வேறு பெயர் உண்டா?

"இல்லை என்றுதான் முதலில் சொன்னாள்" என்றாள் அந்தப் பெண். "நான் தட்டப் போனேன். இரு என்றாள். பக்கத்தில் நின்ற தோழியிடம் எனக்குத் தண்ணீர் கொண்டு வா என்று அனுப்பினாள். அவள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் குனிந்து மெதுவாக ஒரு பெயரைச் சொன்னாள். எழுத்து எழுத்தாக."

தேன்மொழி.

அந்தப் பெயரைத் தட்டியதும் திரையில் ஒரு வரி விட்டுவிட்டு மின்னியதாம். பென்சிலின் ஆகாது. கைக்குழந்தையாக இருந்தபோது இதே ஆஸ்பத்திரியில் அவளுக்கு உடம்பெல்லாம் தடித்தது, நாங்கள் இரண்டு பேரும் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தது, எல்லாம் எனக்கு மறக்குமா? பழைய ஃபைலிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றியபோதும் அது அந்தப் பெயரில்தான் ஏறியிருந்தது. அதற்குக் கீழே தாயின் பெயர், மூன்றாவது மாடி.

நான் மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். வேலியேறியதற்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. என் மூளையில் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது: தோழியைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டுக் குனிந்து சொன்னாளாமே. பச்சையம்மாவும் அப்படித்தானே திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். பயம் இல்லாமல் அவள் அப்படிச் செய்திருப்பாளா? என் மகளுக்கு மட்டும் பயம் இல்லாமலா இருக்கும்?

சாயங்காலம் அவள் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துவிட்டுக் கேட்டேன். "எந்த நோவுக்குப் பயந்துடி பேர மாத்திக்கினே?"

அவளுக்குக் கேள்வி புரிந்தது. அந்தக் கதையை அத்தனை தடவை கேட்டவள் அல்லவா! தினமும் காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் பெயர் வந்ததும் வாத்தியார் அதைச் சொல்ல வராமல் நின்றுவிடுவாராம். பின்வரிசைப் பையன்கள் மூக்கால் அந்தப் பெயரை நீட்டி நீட்டிப் பாடுவார்களாம். அப்புறம் தாழ்வாரத்தில், அப்புறம் பஸ்ஸில். வேறு பெயர் சொன்ன பிறகு விட்டுவிட்டார்களாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீ பள்ளிக்கூடத்துக்கே வந்து சண்டை போட்டிருப்பாய்" என்றாள், இங்கிலீஷில். போட்டிருப்பேன், சந்தேகமே இல்லை.

ஊர் பெயர் தெரியாத மலைக்காரி தன் பிள்ளையைக் காப்பாற்றப் பெயரை மாற்றினால் நான் புரிந்துகொண்டு, அதைக் கம்ப்யூட்டர் வரை கொண்டுபோய்ச் சேர்த்தேன். என் வீட்டுப் பிள்ளை தன்னைத்தானே தவிட்டுக்கு விற்று வாங்கிக்கொண்டு வந்து நின்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. போகட்டும். இப்போதாவது தெரிந்ததே.

ரசம் கொதித்து இறங்கியதும் மாடிப்படிக்குக் கீழே போய் நின்றேன். இரண்டு வருஷமாக நான் நாக்கில் படவிடாத பெயர். சேகர் தட்டோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டினா, சாப்பிட வா" என்றேன்.

கொஞ்சம் பொறுத்து, தையல் போட்ட காலை இழுத்து இழுத்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். கடைசிப் படியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

"அது வெளிய கூப்புட்ற பேரும்மா" என்றாள் என் மகள், தமிழில். "வூட்ல இன்னாத்துக்கு?"